பருவம் மாறும் கடல்: வார இறுதியில் தொழிலுக்குப் போவோர் கவனத்துக்கு

தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கும் வரையான ஒக்டோபர், நவம்பர் மாதங்களில்தான், கொழும்பு முகத்துவாரத்திலும் முல்லைத்தீவிலும் கடற்றொழிலாளர் அதிகம் ஏமாறுகிறார்கள். காலையில் கடல் குளம் போலக் கிடக்கும். பிற்பகலில் மேகம் திரண்டு இடியுடன் மழை இறங்கும்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையில் காற்றின் வேகத்தைச் சொல்லும் வரியோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது பொதுவான நிலை மட்டுமே. இடிமழை வேளையில் சடுதியாகப் பலத்த காற்று வீசும், கடல் கொந்தளிக்கும் என்று கடைசியில் வரும் எச்சரிக்கைதான் வள்ளத்தைக் கவிழ்க்கக்கூடியது.

வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாவதும் இந்தக் காலத்தில்தான். 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாவும் அப்படி வந்தவையே. தாழமுக்கத்தைப் பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்பே அறியலாம். இடிமேகம் அந்த அவகாசம் தராது.

ஆகவே வெள்ளிக்கிழமை கேட்ட அறிக்கையை நம்பி ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக வேண்டாம். புறப்படுமுன் புதிய அறிக்கையைப் பாருங்கள். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழைக்கலாம்.

போரில் வள்ளமும் வலையும் இழந்து, கடன்பட்டு மீண்டும் தொழில் தொடங்கியவர்களுக்கு ஒரு நாள் வருமானத்தை விடுவது லேசானதல்ல. ஆனால் அந்த வள்ளத்தை இன்னொரு முறை வாங்குவது அதைவிடக் கடினம்.