பெயர் மூன்று, இலக்கம் ஒன்று

புதுக்கடையைச் சிங்களத்தில் அளுத்கடை என்பார்கள், ஆங்கிலத்தில் ஹல்ஸ்டோர்ப் என்பார்கள். பின்னது, 1656இல் கொழும்பு முற்றுகையில் இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்டின் பெயரால் வந்தது. பெயர் மூன்றானாலும் தபாலுக்கு அது கொழும்பு 12. வெள்ளவத்தைக்கு 6, கொட்டாஞ்சேனைக்கு 13. சாட்பொட்டின் பொத்தான்களும் இப்படித்தான் இயங்க வேண்டும்.

"உங்கள் பகுதி எது?" என்று கேட்டு, சாட்பொட் மூன்று பொத்தான்களைக் காட்டுகிறது. நீங்கள் ஒன்றை அழுத்தியதும், அதன் பின்னால் மறைத்து வைத்த குறியீடு சேவையகத்துக்குப் போகிறது. டெலிகிராமில் இந்தக் குறியீட்டுக்கு 64 பைட்டுக்கு மேல் இடமில்லை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் 'க'வுக்கு மூன்று, அதன் மேல் வைக்கும் புள்ளிக்கும் மூன்று. 'புதுக்கடை நீதிமன்ற வளாகம்' என்பதையே குறியீடாக வைத்தால் 71 பைட் ஆகிவிடும். பொத்தானை டெலிகிராம் ஏற்காது. '12' என்று வைத்தால் இரண்டே பைட்.

பெயரையே சேமிப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கொட்டாஞ்சேனையின் 'கொ'வில் வரும் ஒகரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வெவ்வேறு. பொத்தானில் ஒரு விதம், சேவையகத்தின் பெயர்ப் பட்டியலில் மற்ற விதம் என்றால், சரியான விடையையும் சாட்பொட் 'தவறு' என்று தள்ளிவிடும். பொத்தானை அழுத்தாமல் பயனர் தட்டச்சு செய்யும் பெயரையும், ஒருங்குறியின் சீராக்க முறையால் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும்.

அடுத்த கோளாறு பழைய பொத்தான். மூன்றாம் கேள்விக்கு வந்தவர் மேலே போய் முதற்கேள்வியின் பொத்தானை அழுத்துவார். குறியீட்டில் கேள்வி எண்ணையும் சேர்த்து '1:13' என்று வைத்தால், அது எந்தக் கேள்விக்கான விடை என்று தெரிந்துவிடும். விடையைத் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்தால், சேவையகம் நின்று எழும்போது மறைந்துபோகும். தரவுத்தளத்தில் எழுத வேண்டும். ஒருவருக்கு ஒரு கேள்விக்கு ஒரே பதிவு என்று வகுத்தால், இருமுறை அழுத்தினாலும் பதிவு இரட்டிக்காது.

கோளாறு வந்தால், சேவையகத்துக்கு வந்த குறியீட்டை முதலில் அப்படியே பதிந்து பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேயே தெரியும். பொத்தானின் முகத்தில் நல்ல தமிழ் இருக்கட்டும், உள்ளே இலக்கம் இருக்கட்டும். தமிழில் கேட்டுத் தமிழில் விடை பெறும் சாட்பொட் நம் மக்களுக்கு வேண்டும். அதைப் பிழையின்றி அமைப்பது நம் கடமை.