புதிதைச் சொல்ல ஏன் துணிச்சல் வேண்டும்?

1982 ஏப்ரலில், அமெரிக்க ஆய்வகம் ஒன்றில், இஸ்ரேல் விஞ்ஞானி டான் ஷெக்ட்மேன் சட்டென்று குளிரவைத்த அலுமினியம்-மாங்கனீசு கலவையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். வட்டமாகப் பத்துப் புள்ளிகள்! அன்றைய வரையறைப்படி, படிகத்தில் அது வரவே கூடாது. ஒழுங்கு ஐங்கோண ஓடுகளை மட்டும் பதித்துத் தரையை இடைவெளியின்றி நிரப்ப முடியாதல்லவா, அதே கணக்குதான். ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும் அணு அடுக்கில் பத்துமடிச் சமச்சீருக்கு இடமில்லை.

சில படிகங்கள் ஒட்டி வளர்ந்தாலும் இப்படி ஏமாற்றும். அவர் முதலில் தேடியது அதைத்தான், கிடைக்கவில்லை. துணிச்சல் என்று நான் சொல்வது, அந்தச் சோதனைக்குப் பிறகும் பின்வாங்காததை. ஆய்வுக்குழுவை விட்டுப் போகச் சொன்னார்கள். இரண்டு நோபல் வாங்கிய லைனஸ் பாலிங்கே எதிர்த்தார். அணுக்கள் ஒழுங்காக, ஆனால் ஒரே அமைப்பு திரும்பாமல் அடுக்கப்படலாம் என்பதே விடை. 1992இல் படிகத்தின் வரையறையே மாறியது. ஷெக்ட்மேனுக்கு நோபல் வர 2011 ஆயிற்று.