உங்க போனுக்கும் ‘எக்ஸ்பயரி டேட்’ இருக்கு... வாங்கும் முன் பார்த்தீங்களா?

எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். யார் போன் மாற்றினாலும் முதலில் அவரிடம்தான் கேட்பார்கள். “ப்ரோ, இந்த மாடல் எடுக்கலாமா? இல்ல, அடுத்த சேல் வரைக்கும் வெயிட் பண்ணட்டுமா?” கேமரா எத்தனை மெகாபிக்சல், எந்த சிப், சார்ஜர் எத்தனை வாட் என எல்லாமே அவருக்கு அத்துப்படி.

அவருடைய பையைத் திறந்தால் லேப்டாப், வயர்லெஸ் இயர்பட்ஸ், பவர் பேங்க், இரண்டு மூன்று கேபிள்கள். கையில் போன், மணிக்கட்டில் ஸ்மார்ட் வாட்ச். 15 வருடங்களுக்கு முன்பு இதே ஆளிடம் வயர் வைத்த ஹெட்போனும் சாதாரண வாட்ச்சும் இருந்திருக்கும். வயர் அறுந்திருக்காவிட்டால் அந்த ஹெட்போன் இன்றும் பாடும். ஆனால், இப்போது கையிலும் பையிலும் இருப்பவற்றில் எத்தனை இன்னும் ஐந்து வருடம் தாங்கும்?

ஸ்பெக்ஸை மனப்பாடமாகச் சொல்பவர்கூட இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் யோசிப்பார். காரணம், அந்தப் பதில் பெட்டியின் மேல் இருக்காது. ஒரு கேட்ஜெட்டின் ஆயுளை இன்று மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: பேட்டரி, சாஃப்ட்வேர், சர்வர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேட்டரி ஏன் ‘வயசாகிறது’?

லித்தியம் அயன் பேட்டரியை 1991-ல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் கையில் இருக்கும் பெரும்பாலான சாதனங்கள் இந்த வகை பேட்டரியில்தான் ஓடுகின்றன. சார்ஜ் ஏறி இறங்க இறங்க, பேட்டரிக்குள் இருக்கும் ரசாயனங்கள் மெல்ல மெல்லத் திறனை இழக்கும். இதைத் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது.

இதை அளக்கும் கணக்குதான் ‘சார்ஜ் சைக்கிள்’. இன்று 60 சதவீதம், நாளை 40 சதவீதம் பயன்படுத்தினால் அது ஒரு சைக்கிள். ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 சைக்கிள் முடிந்த பிறகும் 80 சதவீதத் திறன் இருக்கும்படி பேட்டரி வடிவமைக்கப்பட்டிருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஐபோன் 15 மாடல்களுக்கு இது 1,000 சைக்கிள். தினமும் ஒரு சைக்கிள் என்று வைத்துக்கொண்டால், 500 என்பது ஒன்றரை வருடத்துக்கும் குறைவு!

அதுவும் சரியான சூழலில் பயன்படுத்தினால்தான். 35 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பம் பேட்டரியின் திறனை நிரந்தரமாகக் குறைக்கலாம் என்பதும் ஆப்பிள் தரும் எச்சரிக்கைதான். மே மாத வெயிலில் பைக் ஹோல்டரில் போனை மாட்டி, மேப்பையும் போட்டு, சார்ஜும் ஏற்றுபவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

இயர்பட்ஸுக்கு ஏன் ஆயுள் கம்மி?

2016 செப்டம்பரில் ஐபோன் 7 அறிமுகமானபோது அதில் ஹெட்போன் ஜாக் இல்லை. அதே மேடையில் ஏர்பாட்ஸை அறிமுகப்படுத்தியது ஆப்பிள். முதலில் கிண்டல் செய்த மற்ற நிறுவனங்களும் பிறகு அதே பாதைக்கு வந்தன. வசதிதான், சந்தேகமில்லை. பஸ்ஸில் ஏறும்போது வயர் சிக்காது.

ஆனால் அந்த மாற்றத்தில் இன்னொன்றும் நடந்தது. வயர் ஹெட்போனில் பேட்டரியே கிடையாது. இயர்பட்ஸில் பக்கத்துக்கு ஒன்று, கேஸில் ஒன்று என மூன்று. காதில் மாட்டும் இரண்டும் மிகச் சிறியவை. சில மணி நேரப் பாட்டிலேயே காலியாகி, கேஸுக்குள் போய் மறுபடி ஏறும். அதனால் சைக்கிள் எண்ணிக்கை போனைவிட வேகமாக ஏறலாம். “ரைட் சைடு மட்டும் சீக்கிரம் போயிடுது” என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

பேட்டரியை மாற்றலாம்தானே? அங்கேதான் சிக்கல். பெரும்பாலான இயர்பட்ஸ் பசை போட்டு ஒட்டப்பட்டவை; உடைக்காமல் திறப்பது கஷ்டம். கேட்ஜெட்களைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட், பழுதுபார்க்கும் வசதிக்காக முதல் ஏர்பாட்ஸுக்குக் கொடுத்த மதிப்பெண் 10-க்கு பூஜ்ஜியம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போன் பேட்டரியை மாற்ற ஆள் கிடைப்பார்கள். இயர்பட்ஸை நீட்டினால், “புதுசே வாங்கிடுங்க” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

போன் நல்லா இருக்கு... ஆனா அப்டேட்?

இரண்டாவது விஷயம் சாஃப்ட்வேர். ஸ்கிரீன் உடையாமல், பேட்டரியும் புதிதாக மாற்றப்பட்ட போன் ஒன்று இருக்கிறது. ஆனால், அதற்கு செக்யூரிட்டி அப்டேட் வருவது நின்றுவிட்டது. யுபிஐ, பேங்க் ஆப், ஆதார் என எல்லாம் அதே போனில்தான். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அதில் அடைக்கப்படாமலேயே இருக்கும். கொஞ்ச காலத்தில் ஆப்களும் கைவிடும். 2025 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 4.4 பதிப்புக்கான ஆதரவை வாட்ஸ்அப் நிறுத்தியது ஓர் உதாரணம்.

லேப்டாப்பிலும் இதே கதைதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. நன்றாக ஓடும் பல பழைய லேப்டாப்கள், விண்டோஸ் 11 கேட்கும் ஹார்டுவேர் இல்லாததால் அதிகாரபூர்வமாக அதற்கு மாற முடியவில்லை.

இதில் ஒரு நல்ல மாற்றமும் உண்டு. 2023-ல் பிக்சல் 8 போனுக்கு 7 வருட அப்டேட் தருவதாக கூகுள் அறிவித்தது. 2024-ல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு சாம்சங்கும் அதையே சொன்னது. ஆனால் கவனம்: இந்த வருடக் கணக்கு பொதுவாக மாடல் அறிமுகமான நாளில் இருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளில் இருந்து அல்ல. மூன்று வருட அப்டேட் வாக்குறுதியோடு வந்த போனை, இரண்டு வருடம் கழித்து ஆஃபரில் வாங்கினால் மீதம் இருப்பது ஒரே வருடம்தான். விலை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சர்வர் நின்றால் சாதனமும் நிற்கும்!

மூன்றாவது, இப்போதைய ஏஐ அலையோடு வந்த சிக்கல். 2024-ல் ஹ்யூமேன் என்ற அமெரிக்க நிறுவனம், சட்டையில் குத்திக்கொள்ளும் ‘ஏஐ பின்’ என்ற சாதனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போனுக்கு மாற்று என்று பெரிய எதிர்பார்ப்பு. விலை 699 டாலர், அதோடு மாதம் 24 டாலர் சந்தா.

2025 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தின் பெரும்பாலான சொத்துகளை 116 மில்லியன் டாலருக்கு ஹெச்பி வாங்கியது. அதே மாதம் 28-ம் தேதி சர்வர்கள் நிறுத்தப்பட்டன. கால், மெசேஜ், ஏஐ பதில் என எல்லாம் போச்சு. சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது போன்ற சில வேலைகளே மிச்சம். சாதனத்தில் எந்தப் பழுதும் இல்லை. ஆனால், வாங்கி ஒரு வருடம்கூட ஆகாமல் அது காட்சிப் பொருளாகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியம் இதில் முந்திக்கொண்டது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்கப்படும் புதிய போன், டேப்லெட், ஹெட்போன் போன்றவற்றில் சார்ஜ் ஏற்ற யுஎஸ்பி-சி கட்டாயம். 2025 ஜூன் 20 முதல் போன்களுக்கும் டேப்லெட்களுக்கும் இன்னொரு விதி: 800 சைக்கிளுக்குப் பிறகும் பேட்டரியில் 80 சதவீதத் திறன் இருக்க வேண்டும்; விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 வருடம் ஓஎஸ் அப்டேட் தர வேண்டும்; முக்கிய உதிரிபாகங்கள் 7 வருடம் கிடைக்க வேண்டும்.

இந்தியாவில், பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கியது. வாரண்டி, சர்வீஸ் சென்டர், உதிரிபாகம் குறித்த நிறுவனங்களின் தகவல்களை ஒரே இடத்தில் தருவதுதான் நோக்கம்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. மாடல் எப்போது அறிமுகமானது, செக்யூரிட்டி அப்டேட் எந்த வருடம் வரை?

2. பேட்டரியை மாற்ற முடியுமா? கம்பெனி சர்வீஸ் சென்டரில் எவ்வளவு ஆகும்?

3. இன்டர்நெட்டோ சந்தாவோ இல்லாவிட்டால் இது என்னென்ன வேலை செய்யும்?

4. மொத்த விலையை எதிர்பார்க்கும் வருடங்களால் வகுத்தால் வருடத்துக்கு எவ்வளவு?

கடைசிக் கணக்கு சில நேரம் ஆச்சரியம் தரும். இரண்டே வருடம் தாங்கும் 15,000 ரூபாய் போனுக்கு ஆண்டுக்கு 7,500 ரூபாய். ஐந்து வருடம் தாங்கும் 30,000 ரூபாய் போனுக்கு 6,000 ரூபாய்.

ஏற்கெனவே போன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் ‘ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்’ என்ற இடத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள். அது பல மாதம் பழசாக இருந்து, புதிய அப்டேட்டும் வராவிட்டால், அடுத்த போனைப் பற்றி யோசிக்கும் வரை பேங்க் ஆப்களையாவது வேறு போனுக்கு மாற்றுவது நல்லது. தேதி புதிதாக இருந்து, சார்ஜ் மட்டும் நிற்கவில்லையா? புது போனுக்கு ஆர்டர் போடும் முன், பேட்டரி மாற்ற என்ன விலை என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.