வண்டிக்கு வால் முளைச்சா..!

அமெரிக்காவில் ஒரு ஹைவே. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம். ஸ்டீயரிங் உங்க கையில். பின்னால் நாலு டன் எடையில் ஒரு வீடு வருது. ஆமா பாஸ், வீடேதான்! கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற டிராவல் டிரெய்லர். பக்கத்து லேனில் ஒரு ராட்சச லாரி உங்களைத் தாண்டிப் போகுது. அது கிளப்பிவிட்ட காற்று டிரெய்லரை லேசாத் தள்ளுது. டிரெய்லர் இடது பக்கம் அசையுது. அப்புறம் வலது. மறுபடி இடது. ஒவ்வொரு தடவையும் முந்தினதை விடக் கொஞ்சம் அதிகமா. நாலாவது ஆட்டத்தில் ஸ்டீயரிங் உங்க பேச்சைக் கேட்காது. இப்போ வண்டியை ஓட்டுறது நீங்க இல்லை, வால்!

இதுக்குப் பேர் 'டிரெய்லர் ஸ்வே'. லீவு விட்டா பெரிய எஸ்.யூ.வி. பின்னாடி இப்படி ஒரு வீட்டை மாட்டிக்கிட்டு, குழந்தை குட்டியோட ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிளம்புறது அங்கே சர்வ சாதாரணம். ஒரு தடவை வால் ஆடி உயிர் தப்பினவர், ஊர் திரும்பினதும் முதல் வேலையா ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சொல்ற வார்த்தை: "சஸ்பென்ஷனை மாத்திடுங்க!" அது பாதி சரி. மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்குது.

மெக்கானிக்கல் மக்களுக்கு இது வைவாவில் உதவலாம். மத்த டிபார்ட்மென்ட்காரங்களும் பயப்பட வேணாம், தராசு தெரிஞ்சாப் போதும்.

யானைக்கு மெத்தை கட்டிய கதை

உதாரணத்துக்கு ஃபோர்டு எக்ஸ்கர்ஷனை எடுத்துக்குவோம். 2000 மாடலில் தொடங்கி 2005 மாடலோட நின்னு போன வண்டி. நீளம் 5.7 மீட்டருக்கும் மேலே. நம்ம அம்பாசிடரை விட ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அதிகம். வெறும் வண்டியே மூணு டன்னைத் தாண்டும். சுற்றுச்சூழல் அமைப்பான சியரா கிளப், 1989-ல் அலாஸ்கா கடலில் எண்ணெயைக் கொட்டிய 'எக்ஸான் வால்டெஸ்' கப்பலை நினைவுபடுத்தி, இதுக்கு 'ஃபோர்டு வால்டெஸ்'னு பட்டப்பேரே வெச்சது. ஆனா, இழுவைக்கு இதை அடிச்சுக்க ஆளில்லை. இன்ஜினைப் பொறுத்து சுமார் 5 டன் வரை இழுக்கலாம்னு கம்பெனியே சொன்னது. அதனாலதான் இருபது வயசான பிறகும் டிரெய்லர் வெச்சிருக்கிறவங்க இதைத் தேடித் தேடி வாங்குறாங்க.

இதன் எலும்புக்கூடு எஃப்-250 என்கிற சரக்கு பிக்கப் வண்டியோடது. அடியில் குனிஞ்சு பார்த்தா, நம்ம ஊர் லாரியில் இருக்கிற மாதிரி அடுக்கடுக்கா வளைஞ்ச லீஃப் ஸ்பிரிங். ஆனா, ஒன்பது பேர் உட்கார்ந்து போற குடும்ப வண்டியாச்சே, குலுங்கலாமா? அதனால பின் ஸ்பிரிங்குகளைப் பிக்கப்பில் இருக்கிறதை விட மெத்துன்னு வெச்சாங்க. ஆளுங்க மட்டும் போனா சொகுசு. டிரெய்லரை மாட்டினா பின்பக்கம் அப்படியே உட்கார்ந்திடும். ஹெட்லைட் ரோட்டை விட்டுட்டு நட்சத்திரத்தை எண்ணும்!

மாட்டு வண்டிக்காரருக்குத் தெரிஞ்ச பிசிக்ஸ்

வால் ஏன் ஆடுது? இந்தக் கேள்விக்கு நம்ம ஊர் மாட்டு வண்டிக்காரர்கிட்டயே பாதி பதில் இருக்கு. வைக்கோல் ஏத்தும்போது அவர் முன்பாரம், பின்பாரம் பார்ப்பார். பின்பாரம் அதிகமானா நுகத்தடி மேலே தூக்கிக்கும். முன்பாரம் அதிகமானா மாட்டுக் கழுத்து நசுங்கும். டிரெய்லரிலும் அதே சமாச்சாரம்தான். மாட்டுக் கழுத்துக்குப் பதிலா காரின் பின்னால் இருக்கிற இரும்பு உருண்டை. அதன் மேல டிரெய்லரின் மூக்கு அழுத்துற எடைக்கு 'டங் வெயிட்'னு பேர். மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கணும்கிறது அமெரிக்க வழக்கம். அதுக்கும் கீழே போய்ப் பாரம் பின்னாடி சேரச் சேர, வால் ஆட ஆரம்பிக்கும்.

ட்ரெட்மில்லில் பொம்மைக் காரும் டிரெய்லரும் ஓடுற வீடியோ ஒண்ணு நெட்டில் பிரபலம். பார்க்காதவங்க பார்த்துடுங்க. டிரெய்லரில் எடைக்கட்டிகள் முன்னாடி இருக்கும்போது விரலால் தட்டிவிட்டா ரெண்டு ஆட்டத்தில் அடங்கிடும். அதே எடையைப் பின்னாடி நகர்த்திட்டு தட்டினா, ஆட்டம் பெருசாகிட்டே போய்க் காரையும் சேர்த்துப் புரட்டிடும். கார் அதேதான், ஸ்பிரிங் அதேதான், மொத்த எடையும் அதேதான். மாறினது எடை உட்கார்ந்த இடம் மட்டும்.

இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழக இன்ஜினீயர்கள் நிஜ டிரெய்லரை வெச்சே சோதனை செஞ்சு 2009-ல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுது. எடை எப்படிப் பரவியிருக்கு, மூக்கில் எவ்வளவு அழுத்துது, அச்சு எங்கே இருக்கு... இதுங்கதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிற பெரிய தலைகள். கனமான சாமானை முன் கோடியிலும் பின் கோடியிலும் பிரிச்சு வெச்சா கணக்குக்கு டங் வெயிட் சரியா வரலாம். ஆனா, டிரெய்லர் தம்புள்ஸ் மாதிரி ஆயிடும். திரும்ப ஆரம்பிச்சா லேசில் நிக்காது. கனமானதெல்லாம் அச்சுக்குப் பக்கத்தில், தரையோட தரையா இருக்கிறதுதான் நல்லது.

சரி, வேகம் கூடினா ஏன் மோசமாகுது? டயர் பக்கவாட்டில் நகரும்போது அதைத் தடுக்கிற விசை, டயர் பார்க்கிற திசைக்கும் போகிற திசைக்கும் நடுவில் இருக்கிற கோணத்தைப் பொறுத்தது. அதே பக்கவாட்டு அசைவுக்கு, முன்னோக்கிய வேகம் கூடக் கூட அந்தக் கோணம் சின்னதாகும். தடுக்கிற விசையும் குறையும். ஒரு கட்டத்துக்கு மேலே ஆட்டத்தை அடக்க ஆளே இல்லை. மேற்கு டெக்சாஸில் சில இடங்களில் மணிக்கு 80 மைல், அதாவது 129 கிலோமீட்டர் வரை போகலாம்னு போர்டு இருக்கும். பழைய டிரெய்லர் டயர்கள் பலதும் 65 மைலுக்கு, அதாவது 105 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டுச் செஞ்சவை. போர்டு அனுமதிக்குதேன்னு அழுத்தினா என்ன ஆகும்? நீங்களே யோசிச்சுக்குங்க.

தராசில் ஏறிய கார்

இப்போ சின்னதா ஒரு கணக்கு. எக்ஸ்கர்ஷனின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 3.48 மீட்டர். டிரெய்லர் மாட்டுற உருண்டை, பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒன்றரை மீட்டரில் இருக்குன்னு வெச்சுக்குவோம். நாலு டன் டிரெய்லரின் மூக்கு 450 கிலோ அழுத்துது. பின் அச்சுதான் தராசின் நடு முள். பின்னால் அழுத்தினா முன்னால் தூக்கும் இல்லையா? 450-ஐ ஒன்றரையால் பெருக்கி, 3.48-ஆல் வகுத்தா 194. அதாவது முன் சக்கரங்கள் மேலிருந்து 194 கிலோ காணாமப் போச்சு! அது எங்கே போகும்? பின் அச்சுக்குத்தான். அங்கே 450-ம் 194-ம் சேர்ந்து 644 கிலோ.

ஸ்டீயரிங் திருப்புறதும் பிரேக்கில் பெரும் பங்கும் முன் சக்கரத்தின் வேலை. அதன் பிடியே தளர்ந்து போச்சு. ஓவர்லோடு கரும்பு டிரெய்லரை இழுக்கிற டிராக்டர் மேட்டில் முன் சக்கரத்தைத் தூக்குறதைப் பார்த்திருப்பீங்களே, அதன் அடக்கமான அமெரிக்கத் தம்பிதான் இது.

எதை மாத்தினா என்ன கிடைக்கும்?

முதலில் ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் எடையைத் தாங்கும், ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை நிறுத்தும். ரெண்டும் வேற வேற வேலை. பாலத்தின் இணைப்பைத் தாண்டினதும் வண்டி ஒரு தடவை குதிச்சு அடங்கினா ஓகே. கடல் படகு மாதிரி நாலு தடவை முன்னும் பின்னும் ஆடினா அது செத்துப் போச்சுன்னு அர்த்தம். இருபது வருஷப் பழசான வண்டியில் இதையும் ரப்பர் புஷ்களையும் மாத்தினாலே வித்தியாசம் தெரியும். செலவும் மத்ததை விடக் குறைவு.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒண்ணு, டயர். மெத்துன்னு இருக்கிற டயரில் பக்கச் சுவர் வளையும், அந்த வளைவில் வண்டியின் பின்பக்கமே இடமும் வலமும் நெளியும். சொகுசுக்காகக் காற்றைக் குறைக்கிறது எவ்வளவு ஆபத்துன்னு அமெரிக்காவுக்கு 2000-ம் வருஷம் நல்லாவே புரிஞ்சது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே உரிஞ்சு, வண்டிகள் உருண்டு, 200-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. டயர் தயாரிப்புக் குறைதான் முக்கியமாப் பேசப்பட்டது. ஆனா, ஃபோர்டு சொல்லியிருந்த 26 பி.எஸ்.ஐ. என்ற குறைந்த காற்றழுத்தமும் அந்தச் சண்டையில் பெரிய அளவில் அடிபட்டது.

மூணாவது, பின்பக்க ட்ராக் பார். லீஃப் ஸ்பிரிங்தான் அச்சைப் பிடிச்சு வெச்சிருக்கு. ஆனா, பக்கவாட்டில் அது கொஞ்சம் நெளியும். டிரெய்லர் இடிக்கும்போது பாடி ஒரு பக்கம், அச்சு ஒரு பக்கம்னு சில மில்லிமீட்டர் விலகும். சேஸிஸிலிருந்து அச்சுக்குக் குறுக்கே ஒரு கம்பியைப் போட்டா அந்த நெளிவு குறையும்.

நாலாவது ஆன்டி ரோல் பார், ஒர்க்‌ஷாப்காரங்க ஆசையா விக்கிறது. வளைவில் வண்டி சாயறதை இது குறைக்கும். நிஜமாவே நிம்மதியா இருக்கும். ஆனா ஒரு சூட்சுமம்: பின்னால் மட்டும் தடியான பாரைப் போட்டு, முன்னால் பழசையே விட்டா, வளைவில் பின் டயருக்குச் சுமை கூடி வால் வெளியே போற குணம் அதிகமாகும். டிரெய்லர் இழுக்கிற வண்டிக்கு வேண்டியது நேர் எதிர்! எஃப்-250-யின் தடிப்பான ஸ்பிரிங்கைப் பின்னால் மட்டும் போடறவங்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. முன்னும் பின்னும் சேர்த்து யோசிக்கணும்.

கண்ணை ஏமாத்துற காத்துப் பை

இப்போ வில்லனுக்கு வருவோம். பின் அச்சுக்கு மேலே வைக்கிற ஏர் பேக். விபத்தில் விரியறது இல்லை, ஸ்பிரிங்குக்கு உதவியா வைக்கிற ரப்பர் பை. பின்பக்கம் உட்கார்ந்து போச்சா? காத்து அடி. வண்டி ஜம்முனு நிமிர்ந்திடும். பக்கத்திலிருந்து பார்த்தா ஸ்கேல் வெச்ச மாதிரி மட்டம். பிரச்னை தீர்ந்ததுன்னு தோணும்.

மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்க. அதில் உயரம்னு ஒரு எண் இருக்கா? இல்லை. எடையும் தூரமும் மட்டும்தான். பின்பக்கத்தைத் தூக்கினாலும் அந்த 194 கிலோ முன் சக்கரத்துக்குத் திரும்பி வராது. ஹெட்லைட் ஒழுங்கா ரோட்டைப் பார்க்கும், முன் டயர் மட்டும் இன்னும் பாதி மிதக்கும். முன்பாவது, உட்கார்ந்து போன பின்பக்கத்தைப் பார்த்து பயந்து மெதுவா ஓட்டியிருப்பார். இப்போ அந்தப் பயமும் போச்சு.

அந்த எடையை நிஜமாவே திருப்பித் தர்றது வேற ஒரு சாமான், 'வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச்'. மாட்டுற இடத்திலிருந்து டிரெய்லர் சட்டத்துக்கு ரெண்டு வளையும் கம்பிகளை இழுத்துக் கட்டுவாங்க. தள்ளுவண்டிக் கைப்பிடியைத் தூக்கினா முன்பக்கம் அழுந்துமே, அந்த மாதிரி இது காரின் பின்பக்கத்தை நெம்பி, முன் சக்கரத்திலும் டிரெய்லர் சக்கரத்திலும் எடையைப் பகிர்ந்து ஏத்தும். எவ்வளவு ஏத்தணும்னு வண்டியின் கையேட்டைப் பார்த்துத்தான் முறுக்கணும். ஜாஸ்தியானா பின் டயர் லேசாகி, புது வம்பு. முதலில் ஹிட்ச், அது சரியான பிறகு தேவைப்பட்டா மட்டும் கொஞ்சம் காத்து. தலைகீழாச் செஞ்சா காத்துப் பை சுமக்கிற பாரத்தை ஹிட்ச்சால் பகிர முடியாது.

சரியா ஆச்சான்னு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியாது பாஸ், எடை போடணும். அமெரிக்க லாரி நிறுத்தங்களில் 'கேட் ஸ்கேல்'னு எடை மேடைகள் உண்டு. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூணுக்கும் தனித்தனியா நம்பர் வரும். டிரெய்லர் இல்லாம ஒரு தடவை, டிரெய்லரை மாட்டி ஒரு தடவை, ஹிட்ச் கம்பியை இழுத்துக் கட்டி ஒரு தடவை. மூணு சீட்டு கையில் இருந்தா, 194 கிலோவில் எவ்வளவு திரும்பி வந்ததுன்னு ஸ்கூல் பையனே சொல்லிடுவான்.

இன்னொரு நம்பர், டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில். வண்டி மொத்தமா எவ்வளவு எடை வரைக்கும் தாங்கலாம்னு அதில் இருக்கும். எத்தனை ஸ்பிரிங் மாத்தினாலும் அந்த ஸ்டிக்கர் மாறாது. பிரேக், அச்சு, சக்கரம் எல்லாம் பழசுதானே? ஆட்களுக்கும் லக்கேஜுக்குமா சேர்த்து 700 கிலோ இடம் இருக்குன்னு வெச்சுக்குங்க. டிரெய்லர் மூக்கே 450-ஐத் தின்னுடும். மீதி 250-ல் அப்பா, அம்மா, ரெண்டு பசங்க, அப்புறம் நாய்க்குட்டிக்கு இடம் சந்தேகம்தான்!

இந்தக் கம்பெனிகளின் இழுவைக் கணக்குகளே ஒரு காலத்தில் ஆளுக்கு ஆள் வேற அளவுகோலில் இருந்தது. 2008-ல் எஸ்.ஏ.இ. அமைப்பு ஜே2807 என்ற பொது விதியைக் கொண்டுவந்த பிறகுதான், அரிசோனாவின் டேவிஸ் டாம் ஏற்றத்தில் ஏறுறதோட, வால் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குதுன்னும் சோதிக்க ஆரம்பிச்சாங்க. எக்ஸ்கர்ஷன் அதுக்கு முன்னாடியே ஓய்வு பெற்றாச்சு. ஆட்டத்தைக் கண்டுபிடிச்சுத் தானே பிரேக் பிடிக்கிற எலெக்ட்ரானிக் மூளையும் அதில் கிடையாது.

ஆட ஆரம்பிச்சிடுச்சே..!

அப்படி ஆயிட்டா? கார் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. வேகமாப் போய் இழுத்து நிமிர்த்திடலாம்னும் நினைக்கக் கூடாது. ஆட்டத்துக்கு ஆட்டம் ஸ்டீயரிங்கைத் திருப்பவும் கூடாது. நேராப் பிடிச்சுக்கிட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவா எடுக்கணும். டாஷ்போர்டுக்குக் கீழே டிரெய்லர் பிரேக்குக்குத் தனியா ஒரு சின்ன லீவர் இருக்கும். அதை மட்டும் கையால் அழுத்தணும். டிரெய்லர் பின்னுக்கு இழுபட்டு, கயிறு மாதிரி நேராகும்.

நின்னதும் ஓரம் கட்டி, கை நடுக்கம் அடங்கின பிறகு டிரெய்லரைச் சுத்தி ஒரு நடை. தண்ணி டேங்க் அச்சுக்கு முன்னாலயா, பின்னாலயா? 150 லிட்டர் நிரப்பினா 150 கிலோ. பின் பம்பரில் சைக்கிள்களைக் கட்டினது யாரு? ஊருக்குக் கிளம்புற அன்னிக்குக் காலையில் அந்த ஜெனரேட்டரைக் கடைசி மூலையில் தள்ளினது யாரு? ஒர்க்‌ஷாப்புக்கு போன் போடுறதுக்கு முன்னாடி, முதலில் அந்த ஜெனரேட்டரைத் தூக்கி அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வைங்க.