புட்டிக்குள் ஒரு நொதித்தல்

திராட்சைச் சாறு ஒயினாக மாறும்போது, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரி சாற்றிலுள்ள சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. அவ்வாயு காற்றில் கலந்துவிடுவதால் சாதாரண ஒயினில் குமிழி இருப்பதில்லை. நொதித்து முடிந்த ஒயினில் மீண்டும் சிறிது சர்க்கரையும் ஈஸ்டும் கலந்து, புட்டியில் அடைத்து இறுக மூடிவிட்டால், வெளியேற வழியற்ற வாயு ஒயினிலேயே கரைந்து நின்று, மூடி திறக்கப்படும்போது குமிழிகளாகப் பொங்குகிறது. பிரான்சின் ஷாம்பெயின் பகுதிக்குப் புகழ் தேடித்தந்த இவ்விரண்டாம் நொதித்தலையே, மேலை நாடுகளில் வீட்டில் ஒயின் செய்வோர் பலரும் பின்பற்றுகின்றனர்.

தோம் பெரிஞ்ஞோன் என்னும் துறவியே இதைக் கண்டுபிடித்தார் என்ற கதை பரவலாக வழங்கினாலும், அவர் ஷாம்பெயின் பகுதியிலுள்ள ஓவிலேர் மடத்துக்கு வந்தது 1668இல்தான். ஒயினில் சர்க்கரை சேர்த்துக் குமிழி வரவழைக்கும் வழக்கத்தை, கிறிஸ்டபர் மெரட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1662இலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் பதிவு செய்துவிட்டார்.

இதில் சிக்கலானது சர்க்கரையின் அளவே. லிட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம் சர்க்கரை ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். ஷாம்பெயினுக்குரிய 24 கிராம் சேரும்போது புட்டிக்குள் உருவாகும் 6 வளிமண்டல அழுத்தம், கார் டயரில் உள்ளதைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிகம். முதல் நொதித்தலில் சர்க்கரை மிஞ்சியிருந்தால் அதுவும் இக்கணக்கில் சேர்ந்துவிடும். 1836இல் ஜான் பாப்டிஸ்ட் ஃபிரான்சுவா என்னும் மருந்தாளுநர் மிச்சச் சர்க்கரையை அளந்து, சேர்க்க வேண்டியதைக் கணக்கிடும் வழியை வகுக்கும்வரை, ஷாம்பெயின் நிலவறைகளில் புட்டிகள் வெடிப்பது வாடிக்கையாக இருந்தது.

இரண்டாம் நொதித்தல் ஆல்கஹாலை மேலும் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக உயர்த்துவதால், அடிப்படை ஒயின் 10 அல்லது 11 விழுக்காட்டில், புளிப்பு மிகுந்ததாக இருப்பது நல்லது. மாதக்கணக்கில் படுக்கவைத்த புட்டிகளைப் பின்னர் தலைகீழாகச் சாய்த்து, நாள்தோறும் சிறிது திருப்பிவர, இறந்த ஈஸ்ட் வண்டலாக மூடியருகே இறங்குகிறது. உப்பு கலந்த பனிக்கட்டியில் புட்டியின் கழுத்தை அமிழ்த்தி உறையவைத்து மூடியைத் திறந்தால், உள்ளழுத்தமே அவ்வண்டலைப் பனித்துண்டோடு வெளியே தள்ளிவிடுகிறது. குறைந்த அளவை ஒயின் ஊற்றி நிரப்பி, தக்கையிட்டுக் கம்பியால் கட்டுவர். பார்வைக்கு வியப்பூட்டும், வண்டலை வெளியேற்றும் கட்டமே கைப்பழக்கத்தை மிகுதியாகக் கோருவதும் ஆகும்.

வீட்டில் இதில் இறங்குவோர் சர்க்கரையைக் கண்ணளவாகப் போடாமல் தராசில் நிறுத்தே சேர்க்க வேண்டும். கனத்த ஷாம்பெயின் புட்டிகளை மட்டுமே பயன்படுத்தி, கீறல் விழுந்த புட்டி எதுவாயினும் ஒதுக்கிவிட வேண்டும்.