விமான நிலையத்திலிருந்து விடுதி வரை: வாடகைக் கார் முன்பதிவில் அறிய வேண்டியவை

வெளியூர்ப் பயணம் என்றால் விமானச் சீட்டுக்கும் விடுதி அறைக்கும் நாம் பல நாட்கள் திட்டமிடுகிறோம். விலைகளை ஒப்பிடுகிறோம்; பதிவை உறுதி செய்த பின்னும் ஒருமுறை சரிபார்க்கிறோம். விமான நிலையத்துக்கும் விடுதிக்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றி மட்டும் பெரும்பாலோர் முன்கூட்டிச் சிந்திப்பதில்லை. ஊர் புதிது, மொழி புதிது, நேரமோ நள்ளிரவு என்ற நிலையில், அந்த ஒரு மணி நேரமே பயணத்தின் கடினமான பகுதியாகிவிடுவதுண்டு. முதிய பெற்றோரையோ தனியே பயணிக்கும் மகளையோ அனுப்பிவைப்பவர்களுக்கு இதன் அருமை நன்கு தெரியும். பணம் ஏமாற்றப்படுவதற்கும் இந்த இடைவெளி வாய்ப்பளிக்கிறது. ஆகவே பயண ஏற்பாடு, பணம் செலுத்தும் முறை ஆகிய இரண்டையும் சேர்த்தே இக்கட்டுரை விளக்குகிறது.

முன்பதிவு யாருக்குத் தேவை?

எல்லாப் பயணங்களுக்கும் தனி வாகன முன்பதிவு தேவையில்லை. தில்லியில் இந்திரா காந்தி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்திலிருந்து புது தில்லி ரயில் நிலையத்துக்கு 2011 முதல் விமான நிலைய விரைவு மெட்ரோ இயங்குகிறது. பகல் நேரத்தில், ஒரு பெட்டியுடன் வரும் ஒருவருக்கு அதைவிட விரைவான, சிக்கனமான வழி இல்லை. பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையம் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 'வாயு வஜ்ரா' குளிர்சாதனப் பேருந்துகள் நகரின் பல பகுதிகளுக்குச் செல்கின்றன. முன்பணம் செலுத்திச் சீட்டுப் பெறும் டாக்சி முகப்புகளும் பெரிய விமான நிலையங்களில் உண்டு. தில்லியில் அத்தகைய முகப்பைப் போக்குவரத்துக் காவல் துறையே நடத்துகிறது.

நள்ளிரவுக்குப் பின் இறங்குவோர், முதியோரையும் குழந்தைகளையும் அழைத்து வருவோர், மூன்று நான்கு பேராக மிகுதியான சுமையுடன் வருவோர், இறங்கியவுடன் அலுவல் கூட்டத்துக்குச் செல்ல வேண்டியவர் ஆகியோருக்கு முன்பதிவு செய்த தனி வாகனம் பொருத்தமானது. செயலி வழி டாக்சியின் கட்டணம் தேவைக்கேற்ப உயரும். 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நெரிசல் நேரங்களில் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரு மடங்கு வரை வசூலிக்க இடமளிக்கின்றன. முன்பதிவு செய்த வாகனத்தில் கட்டணம் முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த உறுதிக்காகவே சற்றுக் கூடுதலாகச் செலுத்துகிறோம் என்று கொள்ளலாம்.

இடமும் நேரமும்

முன்பதிவில் நேரும் பிழைகளில் பல, மிக எளிய விவரங்களில்தான் நேர்கின்றன.

முதலாவது, எந்த விமான நிலையம் என்பது. கோவாவில் இரண்டு விமான நிலையங்கள் உள்ளன. தெற்கே டாபோலிம் பழைய நிலையம். வடக்கே மோபாவில் 2023 ஜனவரியில் புதிய நிலையம் செயல்படத் தொடங்கியது. இரண்டுக்கும் இடையே சாலைவழியில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். விமானச் சீட்டில் டாபோலிமின் குறியீடு ஜி.ஓ.ஐ. என்றும், மோபாவின் குறியீடு ஜி.ஓ.எக்ஸ். என்றும் இருக்கும். 'கோவா விமான நிலையம்' என்று மட்டும் சொல்லிப் பதிவு செய்தால், பயணி ஓரிடத்திலும் வாகனம் வேறிடத்திலும் நிற்க நேரிடலாம்.

இரண்டாவது, எந்த முனையம் என்பது. மும்பையின் முதல் முனையத்துக்கும் இரண்டாம் முனையத்துக்கும் நுழைவாயில்கள் வேறு, சாலைகளும் வேறு. தில்லியிலும் முதல் முனையம் மற்ற முனையங்களிலிருந்து தள்ளியே அமைந்துள்ளது. விமான நிறுவனங்கள் முனையத்தை மாற்றுவதும் உண்டு. எனவே பயணத்துக்கு முந்தைய நாள் சீட்டில் உள்ள முனையத்தை மீண்டும் பார்த்து, மாறியிருந்தால் வாகன நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

மூன்றாவது, தேதி. 14-ஆம் தேதி இரவு 10 மணிக்குப் புறப்படும் விமானம் 12.40-க்கு இறங்குமானால், வாகனம் தேவைப்படுவது 15-ஆம் தேதியில். '14-ஆம் தேதி இரவு' என்ற எண்ணத்திலேயே 14-ஆம் தேதி 12.40 மணி என்று பதிவு செய்துவிட்டால், வாகனம் ஒரு நாள் முன்னதாகவே வந்து திரும்பியிருக்கும். 24 மணி நேர முறையில் 00.40 என்று குறிப்பிடுவதே குழப்பத்தைத் தவிர்க்கும்.

நான்காவது, விமான எண். இறங்கும் நேரத்தை மட்டும் கொடுத்தால், விமானம் தாமதமாகும்போது காத்திருப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். விமான எண்ணைக் கொடுத்தால், நிறுவனம் விமானத்தின் வருகையைக் கவனித்து வாகனத்தை அனுப்ப இயலும். 'காத்திருப்பு நேரம் விமானம் உண்மையில் தரையிறங்கியதிலிருந்து கணக்கிடப்படுமா?' என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறுவது நல்லது. தரையிறங்கும் நேரம் வேறு, வெளியே வரும் நேரம் வேறு என்பதையும் மறக்கலாகாது. வெளிநாட்டிலிருந்து வருவோருக்குக் குடியேற்றச் சோதனை, பெட்டிகள் வந்து சேர்தல், சுங்கச் சோதனை ஆகியவற்றுக்குள் ஒரு மணி நேரம் எளிதில் கழிந்துவிடும்.

கட்டணத்தை ஒப்பிடும் முறை

முதலில் கண்ணில் படும் தொகையை மட்டும் வைத்து ஒப்பிடுவது சரியாகாது. விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு நிறுவனம் 1,500 ரூபாய் என்கிறது. மற்றொன்று எல்லாம் உட்பட 2,000 ரூபாய் என்கிறது. முதல் நிறுவனத்தின் தொகையுடன் 5 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி 75 ரூபாய், சாலைச் சுங்கம் 120 ரூபாய், விமான நிலைய வாகன நிறுத்தக் கட்டணம் 150 ரூபாய், இரவுப் படி 250 ரூபாய் சேர்ந்தால் மொத்தம் 2,095 ரூபாய். மலிவாகத் தோன்றியதே இறுதியில் கூடுதலாகிறது.

எனவே கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து: வரி உட்பட்டதா? சுங்கமும் வாகன நிறுத்தமும் உட்பட்டனவா? இரவு நேரத்துக்குக் கூடுதல் உண்டா? கட்டணமில்லாக் காத்திருப்பு எத்தனை நிமிடங்கள்? எப்போது வரை ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்பும்? இவற்றுக்கான விடைகள் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்ன சொல்லைப் பின்னர் மெய்ப்பிப்பது கடினம்.

விடுதியே வாகனம் அனுப்புமா என்றும் விசாரிக்கலாம். கட்டணம் சற்றுக் கூடினாலும், பொறுப்பேற்கும் நிறுவனம் ஒன்றே என்பது அதன் நன்மை. சில விடுதிகள் அறை வாடகையுடனேயே இவ்வசதியை அளிக்கின்றன.

பணம் செலுத்தும்போது

பயணம் முடிந்தபின் செலுத்தும் வசதி இருக்குமானால் அதுவே சிறந்தது. முன்பணம் கட்டாயமெனில், சிறு பகுதியை மட்டும் செலுத்த முயலுங்கள். முழுத் தொகையையும் முன்னதாகச் செலுத்த நேர்ந்தால், நிறுவனத்தின் முறையான இணையதளத்திலோ செயலியிலோ அட்டை வழியாகச் செலுத்துவது பாதுகாப்பானது. காரணம் இதுதான்: அட்டையில் செலுத்திய சேவை வழங்கப்படவில்லையெனில், அட்டை வழங்கிய வங்கியிடம் தகராறு விண்ணப்பம் அளிக்க வழியுண்டு. வங்கி அதை அட்டை வலையமைப்பின் விதிகளின்படி வணிகரின் வங்கிக்கு அனுப்பி விளக்கம் கோரும். முன்பதிவு உறுதிச் சான்றும் உங்கள் கடிதப் போக்குவரத்தும் அப்போது ஆதாரமாகும். ஒரு தனிநபரின் கைப்பேசி எண்ணுக்கு யு.பி.ஐ. மூலம் நீங்களே அனுப்பிய பணத்தை மீட்கும் வழி இதைவிட மிகக் குறுகலானது. யு.பி.ஐ.யில் செலுத்தவே நேர்ந்தால், இரகசிய எண்ணை இடுமுன் திரையில் தோன்றும் பெயர் அந்த நிறுவனத்தின் பெயர்தானா என்று பாருங்கள்.

வெளிநாட்டு முன்பதிவு இணையதளங்கள் சில, இந்திய நகரப் பயணத்துக்கும் டாலரிலோ யூரோவிலோ கட்டணம் கேட்கின்றன. அப்போது வங்கி விதிக்கும் அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணம் சேரும். ரூபாயாக மாற்றிக் காட்டும் வசதியை அத்தளமே அளித்தால், அந்த மாற்று விகிதத்திலும் கூடுதல் தொகை அடங்கியிருக்கலாம். மேலும், இந்திய ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி தொடக்கத்தில் முடக்கப்பட்டே இருக்கும். தேவைப்படும்போது கைப்பேசி வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடலாம். தினசரி வரம்பையும் தேவையான அளவுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாற்றுவோர் நுழையும் வாயில்

வாகனம் வரவில்லை என்ற பதற்றத்தில் பலர் செய்யும் முதல் செயல், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடுவது. தேடலில் கிடைக்கும் எண்கள் அனைத்தும் உண்மையானவையல்ல. மோசடி செய்வோர் தங்கள் எண்களை நிறுவனங்களின் பெயரில் பதிந்து வைக்கின்றனர். அழைத்தவுடன் கனிவாகப் பேசி, 'பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம்' என்று கூறி, ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொல்வர். அது உங்கள் கைப்பேசித் திரையை அவர்களுக்குக் காட்டும் செயலியாக இருக்கும். அல்லது, பதிவை உறுதி செய்ய 1 ரூபாய் செலுத்துங்கள் என்று ஓர் இணைப்பை அனுப்பி அட்டை விவரங்களைப் பறிப்பர். எனவே உதவி எண்ணைப் பயணத்துக்கு முன்பே முன்பதிவுச் சான்றிலிருந்து எடுத்துக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு உண்மைகளை இல்லத்தில் உள்ள அனைவருக்கும் சொல்லிவையுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் தேவையே இல்லை. அதை இடச் சொன்னால், பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறப் போகிறது என்று பொருள். அடுத்து, பயணத்தைத் தொடங்க ஓட்டுநரிடம் சொல்லும் எண் வேறு. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் வேறு. முன்னது டாக்சிச் செயலியின் திரையில் தோன்றும். வாகனத்தில் ஏறிய பின் ஓட்டுநரிடம் அதைச் சொல்லலாம். பின்னது வங்கியின் பெயருடன், தொகையையும் குறிப்பிட்டுக் குறுஞ்செய்தியாக வரும். அதை எவரிடமும் சொல்லலாகாது. இரண்டையும் முதியோர் 'ஓ.டி.பி.' என்ற ஒரே பெயரால் அறிந்திருப்பதையே ஏமாற்றுவோர் பயன்படுத்துகின்றனர்.

வாகனத்தில் ஏறுமுன்

வெளிவாயிலில் 'உங்கள் வண்டி ரத்தாகிவிட்டது, என்னுடன் வாருங்கள்' என்று அழைப்பவரை நம்ப வேண்டாம். முன்பதிவுச் சான்றில் உள்ள எண்ணில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். பெயர்ப் பலகையுடன் நிற்பவரிடம் உங்கள் பெயரைச் சொல்லாமல், 'யாரை அழைக்க வந்தீர்கள்?' என்று கேளுங்கள். வாகன எண் செய்தியில் வந்த எண்ணுடன் பொருந்த வேண்டும்.

எண் பலகையின் நிறமும் ஒரு செய்தி சொல்கிறது. வாடகை வாகனங்களுக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. மின்சார வாடகை வாகனங்களுக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்தப் பயன்பாட்டு வாகனம். அத்தகைய வாகனத்தை வாடகைக்கு ஓட்டுகையில் விபத்து நேர்ந்தால், காப்பீட்டு இழப்பீடு பெறுவதில் சிக்கல் எழக்கூடும். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் வாடகைக் கார்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்க வேண்டும் என்பது விதி. பயண விவரத்தை வீட்டாருக்கு அனுப்பிவிட்டு ஏறுவது நல்ல வழக்கம். அவசர உதவிக்கு எண் 112.

தவறு நேர்ந்துவிட்டால்

மோசடியில் பணம் இழந்தால் உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் அறிவித்து அட்டையையும் யு.பி.ஐ. வசதியையும் முடக்குங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுக்க, முதல் சில மணி நேரமே வாய்ப்பு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ குறையின்றி, மூன்றாம் தரப்பினரால் நேர்ந்த அனுமதியற்ற பரிவர்த்தனையை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. இரகசிய எண்ணையோ கடவுச்சொல்லையோ வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும். தெரிவித்த பின் நேரும் இழப்பை வங்கி ஏற்கும். ஆகவே 'நம் தவறுதானே' என்று தயங்கி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பைக் கூட்டக்கூடும். மோசடியாக அல்லாமல் சேவைக் குறைபாடாக இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம்.

பயணத்துக்கு முந்தைய நாள் பத்து நிமிடங்களை இதற்கென ஒதுக்குங்கள். விமான நிலையம், முனையம், தேதி, விமான எண், மொத்தக் கட்டணம், உதவி எண் ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதி, பயணிப்பவர் கையில் கொடுங்கள். கைப்பேசியின் மின்னேற்றம் தீர்ந்துபோனாலும் அந்தத் தாள் உதவும்.