கை ஏன் போனைத் தேடுகிறது?

செமஸ்டர் தேர்வுக்கு இரண்டே நாள். மாணவன் ஒருவனின் புத்தகத்தில் புரியாத ஒரு சமன்பாடு வருகிறது. அடுத்த நொடி இன்ஸ்டாகிராம் திறந்திருக்கிறது. ‘போனே கதியாகக் கிடக்கிறான்’ என்று வீட்டில் திட்டு விழுகிறது. அவன் போனை எடுத்தது எந்த நொடியில் என்பதை யாரும் கவனிப்பதில்லை. ‘இது நமக்கு வராதோ’ என்ற பயம் தலைதூக்கிய நொடி அது.

வேலையைத் தள்ளிப்போடும் பழக்கத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர்கள் திமத்தி பிச்சில், ஃபூஷியா சிரோயிஸ் என்ற உளவியலாளர்கள். நேரத்தைத் திட்டமிடத் தெரியாததைவிட, மனச் சங்கடத்திலிருந்து உடனே விடுபடும் தவிப்புதான் இதற்கு முக்கியக் காரணம் என்பது அவர்கள் கருத்து. நான்கு ரீல்ஸ் பார்த்ததும் பயம் தற்காலிகமாக அடங்குகிறது. மனம் அதைக் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை யோசிக்கும் முன்பே கை போய்விடுகிறது. மாணவர்களை வலைதளத்துக்கு இழுப்பதில் இன்பத்தைவிட இந்த ஆறுதலுக்கே பங்கு அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

உள்ளே போனவரை அங்கேயே நிறுத்தி வைப்பது வேறொன்று. 1950களில் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதித்தார். எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாதபோது புறாக்கள் விடாமல் கொத்தின. தீனியை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்தின. அடுத்த ரீல் சிரிக்க வைக்குமா, போட்ட படத்துக்கு யார் லைக் போட்டிருப்பார்கள் என்பதும் அப்படித்தான், முன்கூட்டித் தெரியாது. பக்கம் முடிந்தால் கை தானாக நின்றுவிடும். ஆனால் 2006இல் மென்பொருள் வடிவமைப்பாளர் அசா ராஸ்கின் உருவாக்கிய முடிவில்லாத ஸ்க்ரோல், அந்த நிறுத்தத்தையே எடுத்துவிட்டது. பின்னாளில் அவரே அதற்காகப் பகிரங்கமாக வருந்தினார்.

இந்தப் பொறி பெரியவர்களையும் பிடிக்கும். பதின்வயதில் பிடி இறுகக் காரணம், சக வயதினரின் ஏற்பு அந்த வயதில் மிகப் பெரிய விஷயமாக இருப்பதுதான். 2016இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் 13 முதல் 18 வயது வரையுள்ள 32 பேருக்குப் படங்களைக் காட்டி, மூளையை ஸ்கேன் செய்தார்கள். தங்கள் படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைக் கண்டபோது, பரிசு கிடைத்தால் கிளர்ச்சியடையும் மூளைப் பகுதி கூடுதலாக இயங்கியது. பிறருடைய படங்களிலும், அதிக லைக் உள்ளவற்றுக்கே அவர்களும் லைக் போட்டார்கள். அந்த எண்ணிக்கையைத் தீர்மானித்தவர்கள் ஆய்வாளர்கள்!

விடுபட்டுவிடுவோமோ என்ற பயத்தைத்தான் நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். உளவியலாளர் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி குழுவினர் 2013இல் இதை அளக்க ஓர் அளவுகோல் தந்தார்கள். நெருக்கமான உறவு, தன் திறமையில் நம்பிக்கை, தன் விருப்பப்படி நடக்கும் சுதந்திரம் ஆகியவை குறைவாகக் கிடைத்தவர்களிடம் இந்தப் பயம் கூடுதலாக இருந்தது. பயம் மிகுந்த மாணவர்கள் வகுப்பு நடக்கும்போதே ஃபேஸ்புக் பார்ப்பதும் தெரியவந்தது.

நம் கல்லூரிகளில் இதை எளிதாகப் பார்க்கலாம். தமிழ்வழியில் படித்து, சென்னையில் பொறியியல் சேர்ந்து, ஹாஸ்டலில் தங்கும் முதலாண்டு மாணவியை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் வாய் திறக்கத் தயக்கம். அறைத்தோழியரோடு இன்னும் ஒட்டவில்லை. இரவில் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குரூப்பில்தான் அவள் பழைய கலகலப்போடு பேசுகிறாள். அதை வீண்பொழுது என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதே போனில் மற்றவர்களின் ஸ்டேட்டஸும் வருகிறது: பிறந்தநாள் கேக், கடற்கரை, சிரிப்பு. மனிதர்கள் தங்களைப் பிறரோடு ஒப்பிட்டே எடைபோடுகிறார்கள் என்று உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே எழுதினார். தனிமையைத் தணிக்கப் போனவள், கூடுதல் தனிமையோடு திரும்புகிறாள். மறுபடியும் அதையே திறக்கிறாள். குரூப்பை விட்டு வெளியேறவும் முடியாது. இன்டர்னல் தேர்வுத் தேதியும் நோட்ஸும் வகுப்பு குரூப்பில்தானே வருகின்றன?

இதை உடனே நோய் என்றுவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11இல் வீடியோ கேம் சார்ந்த கோளாறு இருக்கிறது. சமூக வலைதளப் பழக்கம் தனி நோயாக இடம்பெறவில்லை. ஆனாலும் விட முயன்று முடியாமல் போவது, கிடைக்காதபோது தவிப்பது, படிப்பும் தூக்கமும் கெடுவது எல்லாம் சேர்ந்து நீடித்தால், மனநல ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகுமா? பயமும் தனிமையும் அங்கேயேதான் இருக்கும். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடந்து, 2018இல் வெளியான ஆய்வு வேறொரு வழியைக் காட்டுகிறது. மூன்று தளங்களுக்கு நாளுக்குப் பத்துப் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் குறைத்துக்கொண்டவர்களிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. எதையும் குறைக்காமல், தங்கள் பயன்பாட்டைக் கண்காணித்து மட்டும் வந்தவர்களிடமும் பதற்றமும் விடுபட்டுவிடுவோமோ என்ற பயமும் தணிந்தன. ஆகவே, போனை எடுக்கும் முன் மனத்தில் என்ன ஓடியது என்று சில நாள் குறித்து வரலாம். அதில் கணக்கு திரும்பத் திரும்ப வந்தால் உதவ வேண்டியவர் ஆசிரியர். இரவுத் தனிமை வந்தால், அதே ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து அதே தயக்கத்தைக் கடந்த ஒரு சீனியர் அக்கா.